‘கேள்’ என்றே இருக்கட்டும்: தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவினருக்கும் விளக்கக் குறிப்பு எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் அன்பின் வாழ்த்துகள்.

“இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்.” உபாகமம் 6:4-இல் உள்ள இந்தக் ‘கேள்’ எபிரெயத்தில் ‘ஷெமஅ’. யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் விசுவாச அறிக்கைக்கு அந்த முதற்சொல்லே பெயராகி நிலைத்துவிட்டது. இந்த வசனத்துக்குத் தமிழில் எழுதப்படும் அடிக்குறிப்புகளிலும் ஓய்வுநாள் பாடசாலைக் கையேடுகளிலும் பிரசங்கக் குறிப்புகளிலும் இப்போது ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது: ‘ஷெமா என்றால் கேட்பது அல்ல, கீழ்ப்படிவது. எபிரெயத்தில் கீழ்ப்படிதலுக்குத் தனிச்சொல்லே கிடையாது.’ இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி வேதவாக்கியங்களையே குழப்புகிறது. எபிரெயம் கற்பிக்கிற நாங்கள் அடுத்த பதிப்புகளுக்காகச் சில திருத்தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். காரணங்களையும் விவரமாகவே வைக்கிறோம்.

முதலில் வேர். ஷீன், மேம், அயின் என்ற மூன்று மெய்கள். இவை எபிரெயத்துக்கு மட்டும் உரியவை அல்ல; செமித்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுச்சொத்து. அரபியில் ‘ஸமிஅ’, அரமேயிக்கில் ‘ஷ்மஅ’, எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில் ‘ஸம்அ’, சிரியக் கடற்கரையில் இருந்த பழைய நகரமான உகாரித்தின் களிமண் பலகைகளில் ‘ஷ்-ம்-அ’. எபிரெய ‘ஷ’ அரபியில் ‘ஸ’ ஆவது வழக்கமான ஒலிமாற்றம். ஷாலோம், ஸலாம் என்பதைப் போல. அக்காடிய மொழி மட்டும் அயினை இழந்துவிட்டது. ஆனாலும் அந்த எழுத்து இருந்த தடம் உயிரொலியில் தங்கியிருக்கிறது: அயினுக்குப் பக்கத்தில் இருந்த ‘அ’ ‘எ’ ஆகி, வினை ‘ஷெமூ’ என்று நின்றது. கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் அசீரியாவை ஆண்ட ‘இஷ்மே-தாகான்’ பெயருக்கு ‘தாகான் (ஒரு தெய்வம்) கேட்டான்’ என்று பொருள். ‘தேவன் கேட்கிறார்’ என்ற ‘யிஷ்மாஏல்’, நம் இஸ்மவேல், அதே அச்சில் வார்த்த பெயர். இந்த மொழிகள் அனைத்திலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: ஒலி காதில் விழுவது, சொன்னதைக் காதில் வாங்குவது.

அப்படியானால் கீழ்ப்படிதல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அரசனுக்கும் சிற்றரசனுக்கும் இடையிலான பேச்சிலிருந்து. எகிப்தின் அமர்னாவில் 1887-இல் கிடைத்த கடிதங்கள் கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கானான் நகரத் தலைவர்கள் பார்வோனுக்கு அவற்றை அக்காடியத்தில் எழுதினார்கள். ‘என் ஆண்டவனாகிய அரசரின் சொற்களைக் கேட்டேன்’ என்று அவர்கள் எழுதும்போது, ஆணை காதில் விழுந்தது என்பதோடு அதன்படி நடப்பேன் என்ற உறுதியும் சேர்ந்தே போகிறது. 1868-இல் தீபோனில் கண்டெடுத்து இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு, தீபோன் முழுவதும் ‘மிஷ்மஅத்’ என்று சொல்கிறது. அரசன் சொல்லுக்குள் அடங்கியது என்பது பொருள். அதே பெயர்ச்சொல் 1 சாமுவேல் 22:14-இலும் 2 சாமுவேல் 23:23-இலும் அரசனின் மெய்க்காவல் வட்டத்துக்கு வருகிறது. இன்றைய எபிரெயத்தில் ‘மிஷ்மஅத்’ என்றால் ஒழுங்குக் கட்டுப்பாடு. ஆக, கீழ்ப்படிதல் இந்த வேரில் ஏறிய பொருள்தான். ஆனால் யார் யாருடைய சொல்லைக் கேட்கிறார் என்ற உறவு அதை ஏற்றுகிறது. வேருக்கு அது தானாக உள்ள பொருள் அல்ல. லாகீசில் 1935-இல் கிடைத்த மட்பாண்டத் துண்டுகளில், எருசலேம் விழுவதற்குச் சற்று முன், காவல் அதிகாரிக்கு எழுதுகிறவர் ‘என் ஆண்டவருக்குக் கர்த்தர் சமாதானச் செய்தியைக் கேட்கப்பண்ணுவாராக’ என்று தொடங்குகிறார். ஒரே வேர் அங்கே வினையாகவும் செய்தி என்ற பெயராகவும் இரண்டு முறை வருகிறது. கீழ்ப்படிதலுக்கு அங்கே இடமே இல்லை.

பொருளைத் தீர்மானிப்பது வினைக்குப் பின் வரும் சின்ன உருபு. குறிப்பு எழுதுகிறவர்கள் அகராதியில் வேரைப் பார்த்த கையோடு நிறுத்திவிடுவதால்தான் தவறு நேர்கிறது. ‘எத்’ என்ற செயப்படுபொருள் குறியோடு வந்தால், ஓர் ஒலியையோ சொல்லையோ கேட்டல். ஆதியாகமம் 21:17-இல் பிள்ளையின் சத்தத்தைத் தேவன் கேட்டது இப்படித்தான். ‘எல்’ வந்தால் ஒருவர் பக்கம் காது திருப்புதல். ‘கீ’ வந்தால் இன்னது நடந்ததென்று கேள்விப்படுதல். ‘பேன்’ வந்தால் இரு தரப்புக்கும் நடுவே இருந்து வழக்குக் கேட்டல். உபாகமம் 1:16-இல் மோசே நியாயாதிபதிகளுக்குச் சொல்வது இது. ‘பெகோல்’, அதாவது ‘குரலில்’ என்று வந்தால்தான் சொன்னபடி நடத்தல் என்ற பொருள் திரளுகிறது; ‘லெகோல்’ அதற்கு அருகில் நிற்கும். இவற்றோடு, மொழி புரிதல் என்ற பொருளும் உண்டு. ஆதியாகமம் 42:23-இல் யோசேப்பு துபாசியை வைத்துப் பேசியதால், தாங்கள் பேசுவதை அவன் ‘கேட்கிறான்’ என்று சகோதரருக்குத் தெரியவில்லை. காதில் விழாமலா இருக்கும்? புரிகிறது என்பதே செய்தி. பாபேலிலும் (ஆதியாகமம் 11:7), அசீரிய அதிகாரியான ரப்சாக்கேயிடம் சீரிய பாஷையில் பேசச் சொல்லும் இடத்திலும் (2 இராஜாக்கள் 18:26) இதே பொருள்தான்.

‘ஷெமஅ என்றாலே கீழ்ப்படி’ என்பது உண்மையானால் பல வசனங்கள் உடைந்துபோகும். உபாகமம் 5:1-ஐப் பாருங்கள்: கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், கைக்கொள்ளுங்கள், செய்யுங்கள் என்று நான்கு வினைகள். கேட்டலுக்குள் செய்தலும் அடங்கியிருந்தால் மற்றவற்றுக்கு வேலை என்ன? 2 இராஜாக்கள் 18:12 இஸ்ரவேலைப் பற்றி ‘அவர்கள் கேட்கவும் இல்லை, செய்யவும் இல்லை’ என்று இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. எல்லாவற்றிலும் கூர்மையானது எசேக்கியேல் 33:31, 32. ஜனங்கள் தீர்க்கதரிசியின் முன் வந்து உட்காருகிறார்கள், அவன் வார்த்தைகளைக் கேட்கிறார்கள், அவற்றின்படி செய்வதில்லை. இங்கே வருவதும் ‘ஷாமஅ’ (ஷெமஅ என்பதன் அகராதி வடிவம்) என்ற அதே வினைதான். கேட்டும் செய்யாமல் போக முடியும் என்பதைத்தான் எசேக்கியேல் கண்டிக்கிறார். அடிக்குறிப்பு சொல்வதுபோல் கேட்டலுக்குள்ளேயே கீழ்ப்படிதல் இருந்தால் அந்தக் கண்டனம் அர்த்தமில்லாமல் போகும். யாத்திராகமம் 24:7-இல் ‘நாஅசே வெநிஷ்மாஅ’, செய்வோம், கேட்போம் என்கிறார்கள். செய்தல் ஏன் முன்னால் வந்தது என்று யூத மரபு நூலான தல்மூதின் ரபிமார் வியந்து பேசியதே இரண்டும் வெவ்வேறு என்பதால்தான்.

தேவன் எழுவாயாக வரும் இடங்கள் இன்னும் தெளிவானவை. “ஜெபத்தைக் கேட்கிறவரே” என்ற சங்கீதம் 65:2-இல் வருவது ‘ஷோமேஅ’. கீழ்ப்படிதலின் அடையாளம் என்று நாம் சொன்ன அந்தப் ‘பெகோல்’ அமைப்பு கூடத் தேவனுக்கு வருகிறது. எண்ணாகமம் 21:3-இல் கர்த்தர் இஸ்ரவேலின் குரலில் கேட்டார். 1 இராஜாக்கள் 17:22-இல் எலியாவின் குரலில் கேட்டார். யோசுவா 10:14-இல் ஒரு மனிதனுடைய குரலில் கேட்டார். கர்த்தர் கீழ்ப்படிந்தார் என்று அங்கே எந்த மொழிபெயர்ப்பாளரும் எழுதமாட்டார். பழைய மொழிபெயர்ப்பு யோசுவாவில் ‘சொல்லைக் கேட்ட’ என்றே எழுதியது. அது சரியானது. ஆதியாகமம் 21:12-இல் சாராள் சொல்வதைக் கேட்கும்படி ஆபிரகாமுக்குத் தேவன் சொல்லும்போதும் ‘பெகோலாஹ்’ என்றுதான் வருகிறது. அங்கேயும் ‘கேள்’ என்ற தமிழ் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அடுத்த அதிகாரத்தில், 22:18-இல், அதே வினையும் அதே ‘பெகோல்’ அமைப்பும் “நீ என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தபடியினால்” என்று மாறிவிடுகிறது. அதனால், மனைவியின் சொல்லைக் கேட்ட ஆபிரகாமும் தேவனின் சொல்லைக் கேட்ட ஆபிரகாமும் ஒரே வினையால் கோக்கப்பட்டிருப்பது தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

தனிச்சொல்லே இல்லை என்பதும் முழுச் சரி அல்ல. ‘யிக்கெஹாஹ்’ என்ற பெயர்ச்சொல் ஆதியாகமம் 49:10-இலும் நீதிமொழிகள் 30:17-இலும் வருகிறது. பணிதல், அடங்கி நடத்தல் என்பது பொருள். இரண்டே இடம் என்றாலும் இருக்கிறது. ‘கீழ்ப்படிதலுக்குப் பொதுவாக ஷாமஅ பெகோல் என்ற தொடர் வரும்’ என்று எழுதினால் குற்றம் இல்லை. ‘வேறு சொல்லே இல்லை’ என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

இதைவிட வருத்தமான சங்கதி, இந்த விளக்கம் தமிழுக்குத் தேவையே இல்லை என்பது. இது ஆங்கில விளக்கவுரைகளிலிருந்து வந்தது. அந்த மொழியில் காதால் கேட்பதற்கு ஒரு சொல், சொன்னபடி நடப்பதற்கு முற்றிலும் வேறொரு சொல். ஆகவே அவர்கள் வாசகருக்கு இதை விளக்கவேண்டியிருந்தது. நமக்கு என்ன குறை? ‘பையன் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை’ என்று எந்தத் தாயும் சொல்வார். பையனுக்குக் காது கேளாது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘சொல்லைக் கேள்’, ‘பேச்சைக் கேள்’ என்பவை ‘ஷெமஅ பெகோல்’ என்பதோடு பொருளில் ஒத்துப்போகிற தமிழ். பெரியவர் சின்னவர் பேச்சைக் கேட்கலாம், சின்னவர் பெரியவர் பேச்சைக் கேட்கலாம். ‘கீழ்ப்படி’ என்பதிலுள்ள மேல் கீழ் அதில் இல்லை. தேவன் மனிதனின் சொல்லைக் கேட்கும் இடத்துக்கும் அது கூச்சமில்லாமல் பொருந்துவது அதனால்தான். யாத்திராகமம் 19:5-இல் ‘ஷாமோஅ திஷ்மெஊ’ என்ற இரட்டிப்பைப் பழைய மொழிபெயர்ப்பு ‘உள்ளபடி கேட்டு’ என்று தந்தது. வினையை இரட்டித்து அழுத்தும் எபிரெய வழக்கை ‘உள்ளபடி’ என்ற ஒரே சொல்லால் ஈடுகட்டிய அந்த முடிவை எந்தத் திருத்தத்திலும் தொடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறோம்.

தமிழ்க் ‘கேள்’ ஓரிடத்தில் மட்டும் காலை வாருகிறது. அதற்குத்தான் உண்மையில் அடிக்குறிப்பு வேண்டும், யாரும் எழுதுவதில்லை. தமிழில் செவியால் கேட்பதும் வாயால் கேட்பதும் ஒரே வினை. எபிரெயத்தில் அவை வேறு: செவிக்கு ஷாமஅ, வாய்க்கு ஷீன், அலெஃப், லாமெத் என்ற ‘ஷாஅல்’. சங்கீதம் 2:8-இல் “என்னைக் கேளும்” என்பது ஷாஅல். 1 சாமுவேல் 1:20-இல் “கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்” என்று சொல்லி அன்னாள் பிள்ளைக்குப் பெயரிடுகிறாள்; அதுவும் ஷாஅல். இரண்டு அதிகாரம் தள்ளி, “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்று அந்தப் பிள்ளை சொல்வது ஷாமஅ. தமிழில் மட்டும் படிப்பவருக்கு இவை ஒரே சொல்லாகத் தோன்றுவதால், சாமுவேல் என்றால் ‘தேவன் கேட்டார்’ என்று பெயர்ப்பொருள் பட்டியல்களில் ஏறிவிடுகிறது. எபிரெயப் பெயரான ‘ஷெமூஏல்’ என்பதில் அயினே இல்லை. ஷாமஅ என்ற வேர் அதில் இருக்க வழியில்லை. ‘ஷெம்’, அதாவது நாமம் என்ற சொல்லோடு ‘ஏல்’ சேர்ந்தது என்பது பரவலான விளக்கம். அன்னாள் சொல்லும் காரணம் ஷாஅல் என்ற சொல்லைத் தொட்டு வருகிறது. அதே அதிகாரம் 28-ஆம் வசனத்தில் அவள் ‘ஷாஊல்’ என்றே சொல்கிறாள். சவுலின் பெயர் எழுத்துக்கு எழுத்து அதுதான். ராஜாவைக் கேட்ட ஜனங்களின் கதை வருமுன்பே ஆசிரியர் அந்தப் பெயரை வைத்துவிட்டார். ‘கேட்டேன்: வேண்டினேன் என்ற பொருளில்’ என்று ஒரு வரிக் குறிப்பு போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். ஷாமஅ உண்மையில் உள்ள பெயர்கள் வேறு: சிமியோன் (ஆதியாகமம் 29:33), இஸ்மவேல் (16:11), எலிஷாமா, செமாயா. பேதுருவின் சீமோனும் சிமியோன்தான். கிரேக்க வழியாக வந்ததில் அயின் உதிர்ந்துவிட்டது.

1 சாமுவேல் 15-ஐத் தனியாகப் பார்க்கவேண்டும். திருத்தத்தின் பலன் அங்கேதான் மிகுதி. அந்த அதிகாரத்தில் இந்த வினை எட்டு முறை வருகிறது. முதல் வசனத்தில் கர்த்தருடைய வார்த்தைகளின் குரலைக் கேள் என்று சாமுவேல் சவுலுக்குச் சொல்கிறார். நான்காம் வசனத்தில் சவுல் ஜனங்களைக் கூட்டுகிறார். எபிரெயத்தில் ‘கேட்கச் செய்தார்’ என்ற அபூர்வமான வினைவடிவம் (பியேல்). தன் அழைப்பை ஊரெல்லாம் கேட்கச் செய்கிறவன் தான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. 14-ஆம் வசனத்தில் ஆடுகளின் குரல் என் காதுகளில் விழுகிறதே, மாடுகளின் குரலை நான் கேட்கிறேனே என்கிறார் சாமுவேல். 19-இல் ஏன் கர்த்தரின் குரலைக் கேட்கவில்லை என்ற கேள்வி. 20-இல் கேட்டேன் என்ற சாதிப்பு. 22-இல் இரண்டு முறை. கடைசியில் 24-ஆம் வசனத்தில் சவுலின் ஒப்புக்கொள்ளல்: ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் குரலைக் கேட்டேன். கர்த்தரின் குரல், மந்தையின் குரல், ஜனங்களின் குரல். எதைக் கேட்டான் என்பதே வழக்கு. நம்மிடம் 22-ஆம் வசனம் “பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்” என்று இருக்கிறது. ‘கீழ்ப்படிதல்’ வந்ததும் மந்தைச் சத்தத்தோடு உள்ள இழை அறுந்துவிடுகிறது. ‘பலியைப்பார்க்கிலும் சொல்லைக் கேட்பதும், நிணத்தைப்பார்க்கிலும் செவிசாய்ப்பதும்’ என்று வைத்தால் எட்டு இடமும் ஒரே கயிற்றில் நிற்கும். முதல் வினை ஷாமஅ, இரண்டாவது ‘ஹிக்ஷீவ்’, உற்றுக் கவனித்தல். ஆகவே ‘கேட்பது’, ‘செவிசாய்ப்பது’ என்ற இரண்டையும் இடம் மாற்றிப் போடக்கூடாது.

சாலொமோனின் வேண்டுதலிலும் ஓர் இழப்பு. 1 இராஜாக்கள் 3:9-இல் “ஞானமுள்ள இருதயம்” என்று நாம் வாசிப்பது எபிரெயத்தில் ‘லேவ் ஷோமேஅ’, கேட்கும் இருதயம். நியாயம் விசாரிக்க அவன் கேட்டது அதை. உடனே இரண்டு ஸ்திரீகள் வழக்கோடு வருகிறார்கள். தீர்ப்புச் சொல்லுமுன் அவன் இருவர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறான் (வசனம் 23). 28-இல் இஸ்ரவேலர் எல்லாரும் அந்தத் தீர்ப்பைக் ‘கேட்டார்கள்’. ஞானம் என்று எழுதுவது பிழை என்று சொல்லவில்லை. ஞானம் 12-ஆம் வசனத்தில் தனிச் சொல்லாகவே வருகிறது. 9-ஆம் வசனத்தில் ‘கேட்கும் இருதயம்’ என்று பாடத்தில் வையுங்கள். தயக்கமாக இருந்தால் அடிக்குறிப்பிலாவது கொடுங்கள்.

அடுத்தது எழுத்துப்பெயர்ப்பு. ‘ஷீமா’, ‘ஷேமா’ என்ற இரண்டும் தவறு. முதல் உயிர் ‘ஷெவா’, மிகக் குறுகியது. அழுத்தம் கடைசி அசையில். ‘ஷமா’ என்று எழுதினால் அது அகராதியின் ‘கேட்டான்’ (ஷாமஅ) என்பதோடு மயங்கும். அயின் தொண்டையின் உட்பக்கத்தை நெருக்கி எழுப்பும் ஒலி. யேமன் நாட்டு யூதர் வாசிப்பில் இன்றும் தெளிவாகக் கேட்கலாம். தமிழில் அதற்கென எழுத்து இல்லை. ஆனால் வழி இருக்கிறது: தமிழ் முஸ்லிம்கள் இதே வேரைத் தொழுகையில் ‘ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதஹ்’ என்று தமிழெழுத்தில் எழுதிப் பழகியிருக்கிறார்கள், தன்னைப் புகழ்கிறவனை அல்லாஹ் கேட்கிறான் என்பது பொருள். அந்த வழக்கைப் பின்பற்றி ‘ஷெமஅ’ என்று எழுதலாம். தோரா சுருளில் இந்த வசனத்தின் முதற்சொல்லின் கடைசி எழுத்தான அயினையும், கடைசிச் சொல்லான ‘எஹாத்’தின் தாலெத்தையும் பெரிதாக எழுதுவார்கள். இரண்டும் சேர்ந்தால் ‘ஏத்’, சாட்சி, என்பது ஒரு மரபு விளக்கம். அயினை அலெஃபாக வாசித்துவிட்டால் ‘ஒருவேளை’ என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும் என்ற எச்சரிக்கை இன்னொரு விளக்கம். எழுதுபவர்கள் அத்தனை கவனம் எடுத்த எழுத்தை நாம் அச்சில் விட்டுவிடவேண்டாம்.

திருத்தும்போது செய்யவேண்டியது நீண்ட வேலை அல்ல. வசனத்தில் ஷாமஅ வந்தால், வினைக்குப் பின் எந்த உருபு நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு எழுவாய் யார் என்று பாருங்கள். அதே தொடர் தேவனுக்கு வந்தால் நீங்கள் தேர்ந்த தமிழ் அங்கேயும் நிற்குமா என்று பொருத்துங்கள். அடுத்த வினை ‘செய்’, ‘கைக்கொள்’ என்பதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் ‘கீழ்ப்படி’ போட்டால் கூறியது கூறலாகும். அந்த அதிகாரத்தில் இதே வேர் வேறெங்கெல்லாம் வருகிறது என்று ஒத்துவாக்கிய அகராதியில் எண்ணுங்கள். இவை எல்லாவற்றையும் தாண்டியும் ‘கீழ்ப்படி’தான் பொருந்துகிறது என்றால் தாராளமாக எழுதுங்கள், அப்படிச் சில இடங்கள் நிச்சயம் உண்டு.

கடைசியாக, அடிக்குறிப்பில் யூத மரபைக் காட்ட விரும்பினால் பெராகோத் என்ற தல்மூத் பகுதி நல்ல ஊற்று. தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னாவே ‘மாலையில் எந்நேரத்திலிருந்து ஷெமஅ வாசிக்கலாம்’ என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. தன் காதுக்கே கேளாதபடி வாசித்தவன் கடமையை நிறைவேற்றினானா என்று அதே பகுதி (2:3) விவாதிக்கிறது. ஆம் என்பது பொதுக் கருத்து, இல்லை என்கிறார் ரபி யோசே. எபிரெயத்தில்தான் சொல்லவேண்டுமா என்ற கேள்விக்கு ஞானிகள் தரும் பதில் (பெராகோத் 13அ) இந்தச் சொல்லிலிருந்தே வருகிறது: ‘ஷெமஅ, நீ கேட்கிற எந்த மொழியிலும்.’ புரிகிற எந்த மொழியிலும் என்று அர்த்தம். உபாகமம் 6:4-இன் கீழ் இப்போது இருக்கும் குறிப்பை எடுத்துவிட்டு இந்த வரியைப் போடலாம். 1 சாமுவேல் 1, 3, 15 அதிகாரங்களுக்கும் 1 இராஜாக்கள் 3-க்கும் வசனவாரியாக உருபுப் பட்டியல் தயார் செய்து தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். எந்தக் குழு கேட்டாலும் தருவோம்.

இப்படிக்கு,
எபிரெயம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்